நெடுங்கரை தோற்ற ஆட்டங்கள்

நெடுங்கரைக் கபடிக் குழுவை அந்தச் சீமையில் கொக்கேந்தலைத் தவிர வேறு யாரும் ஜெயித்தது கிடையாது. கொக்கேந்தல் கபடிக் குழுவோ அந்தச் சீமையில் நெடுங்கரையைத் தவிர வேறு யாரையும் ஜெயித்தது கிடையாது. இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பொட்டல் திடலும், திடலை ஒட்டி ஒரு வாய்க்காலும், வாய்க்கால் கரையில் நாலைந்து கருவேல மரங்களும்தான் உண்டு என்பதால், அங்கே நடுவர் ஊதுகிற விசில் இரண்டு ஊரிலும் சோறு தின்றுகொண்டிருப்பவர்களுக்குப் புரையேறும்படி கேட்கும். புரையேறினால் நெடுங்கரைக்காரர்கள், "தோத்துட்டாய்ங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார்கள்.

நெடுங்கரைப் பிள்ளைகள் விடியுமுன் கண்மாய்க்கரையைச் சுற்றி ஓடுவார்கள், ஊர்க்காசில் முட்டை தின்பார்கள், முதுகில் பேர் போட்ட பனியன் போடுவார்கள். அவர்கள் ஜெயித்த கோப்பைகளை வைக்க ஊராட்சி அலுவலகத்தில் இடம் போதாமல் ரேஷன் கடையில் பாமாயில் பெட்டிகளுக்கு மேலே அடுக்கி வைத்திருந்தார்கள். கொக்கேந்தல் குழுவுக்குத் தலைவர் தையல்கடை அடைக்கலம். தொப்பையும் ஒரு மூட்டுவலியும் உள்ளவர். அவருக்கு வலப்பக்கம் நிற்பவர் இழுப்பு நோய்க்காரர், 'கபடி' என்று ஒரு தடவை சொன்னாலே மறு தடவைக்கு மூச்சு வாங்கவேண்டும். இடப்பக்கம் நிற்பவர் ஐயனார் கோயில் பூசாரி, வெள்ளிக்கிழமைகளில் யாரையும் தொடுவதில்லை என்று விரதம் இருப்பவர். மீதிப் பேர் அன்றைக்கு யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள்.

நெடுங்கரையின் பெரிய ஆட்டக்காரன் சேவுகன். டிராக்டர் ஓட்டுகிறவன். அவன் கபடி பாடிப் போனால் எதிரணி ஆட்கள் காற்றுக்கு ஒதுங்குகிற சோளத்தட்டை மாதிரி இரண்டு பக்கமும் ஒதுங்குவார்கள் என்றும், தொட்டுவிட்டுத் திரும்புகையில் அவன் நிழலைக்கூட ஒருத்தன் பிடித்ததில்லை என்றும் காரைக்குடிப் பக்கம் வரைக்கும் பேச்சு உண்டு. அப்படிப்பட்டவன் கொக்கேந்தல் பக்கம் பாடிப் போனால் போனதுதான். ராசா மாதிரி போவான், கோணிச்சாக்கு மாதிரி அங்கேயே கிடப்பான். அவனுடைய அக்கா அழகுமீனாள் அந்த அடைக்கலத்துக்கே வாக்கப்பட்டிருந்ததால், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அவன் அக்கா வீட்டில் கைநனைத்துவிட்டுத்தான் ஊருக்குப் போகவேண்டும் என்பது மாற்றமுடியாத வழக்கமாகிவிட்டது. தோற்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தோற்கடித்தவர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "மாப்ளே, இன்னைக்கு உன் பாட்டு அருமை. இன்னும் ரெண்டு துண்டு மீன் போட்டுக்க" என்று சொல்வதைத்தான் பொறுக்கமுடியாது.

இதற்கு ஊரில் பல காரணம் சொன்னார்கள். ராசி என்றார்கள், கண்ணேறு என்றார்கள், பாம்புக்குக் கீரி மாதிரி ஊருக்கு ஊர் ஒரு பகை பிறக்கும்போதே எழுதியிருக்கும் என்றார்கள். படித்த பையன்கள் செல்போனில் பழைய ஆட்டக் கணக்கையெல்லாம் போட்டுப் பார்த்து, இதெல்லாம் தற்செயல், இன்னும் கொஞ்சம் ஆட்டம் ஆடினால் தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். இன்னும் கொஞ்சம் ஆடினார்கள், இன்னும் கொஞ்சம் தோற்றார்கள்.

ஒரு பொங்கல் ஆட்டத்தில்தான் சர்பத் விற்கிறவர் கூடை கவிழ்ந்து எலுமிச்சம்பழங்கள் ஆடுகளத்துக்குள் சிதறின. சிதறியவை நிற்கவில்லை. நெடுங்கரை நின்ற பாதியிலிருந்து நடுக்கோட்டைத் தாண்டி, கொக்கேந்தல் நின்ற பாதிக்கு வரிசையாக உருண்டு போயின. இடைவேளைக்குப் பிறகு இரண்டு அணியும் பக்கம் மாறின. பொறுக்காமல் விட்ட பழங்கள் வந்த வழியே திரும்பி உருண்டன. சர்பத்துக்காரர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "அட, தரையில்ல சாயுது" என்று சொல்லிவிட்டுப் பழங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டார்.

கொத்தனார் மரியசூசை வீட்டுக்குப் போய் ரசமட்டத்தை எடுத்துவந்து களத்தில் வைத்தார். ஆட்டம் நிற்கும்போது குமிழி நடுவில் நின்றது. ஆட்டம் தொடங்கியதும் நெடுங்கரைப் பக்கம் ஏறிக்கொண்டது. வேறு ஊர் அணிகளை நிறுத்திப் பார்த்தார்கள், குமிழி அசையவில்லை. நெடுங்கரையும் கொக்கேந்தலும் எதிரெதிரே நின்று ஒருவன் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தால் மட்டும், நெடுங்கரை நிற்கிற பாதி மேடாகவும் கொக்கேந்தல் நிற்கிற பாதி பள்ளமாகவும் தரை தன்னைத்தானே சாய்த்துக்கொண்டது. ஆக, நெடுங்கரைக்காரன் பாடிப் போவது இறக்கம், திரும்புவது மலை. கொக்கேந்தல்காரன் முக்கி முனகி ஏறிப் போய் யாரையாவது ஒரு தட்டுத் தட்டிவிட்டால் போதும், திரும்பும்போது தொப்பையே அவனை இழுத்துக்கொண்டு வந்து வீடு சேர்த்துவிடும். மேட்டில் நிற்பதுதான் பெருமை என்று பரம்பரையாக நம்பி வந்த நெடுங்கரைக்காரர்களுக்கு இதை ஜீரணிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது.

மற்றபடி யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இந்த இரண்டு ஊரும் ஆடும்போது திடலோரம் நிறுத்துகிற வண்டிகளுக்குச் சக்கரத்தடியில் கல் வைக்கவேண்டும் என்று ஒரு பழக்கம் வந்தது. பெண்கள் கைக்குழந்தைகளைப் பள்ளத்துப் பக்கம் தவழவிட்டு நிம்மதியாக ஆட்டம் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் அன்றைக்கு மட்டும் கிளாசில் முக்கால் டீதான் ஊற்றுவார், கேட்டால் தளும்பும் என்பார். கூட்டம் கூடக்கூடச் சரிவும் களத்தைத் தாண்டி அகலமாகும் என்பதை ஆட்டுக்காரர்கள்தான் முதலில் கண்டுபிடித்து, நல்ல கூட்டம் வருகிற ஆட்டத்தன்று கிடையை வேறு பக்கம் ஓட்டிப் போனார்கள்.

நெடுங்கரை ஊராட்சித் தலைவர் நாச்சியப்பன் கபடிச் சங்கத்துக்கு மனுப் போட்டார். வெளியூரிலிருந்து ஒருவர் வந்து, ஆட்டத்துக்கு முன்னால் மைதானத்தை அளந்து பார்த்து, விதிப்படி சமமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இளநீர் குடித்துவிட்டுப் போனார். நாச்சியப்பன் விடவில்லை. பையன்களைக் கண்மாய்க்கரைச் சரிவில் ஏறி ஏறி இறங்கவைத்தார். அவர்கள் கால் வலுவாக வலுவாகத் திடலின் சாய்வும் செங்குத்தானது. குழுவின் பேரை மாற்றிப் பார்த்தார், தரை ஏமாறவில்லை. கடைசியில் கொக்கேந்தல் பூசாரியையே நைசாகப் பேசி நெடுங்கரை பனியனைப் போடவைத்தார். பூசாரி நெடுங்கரைக்காகப் பாடிப் போனார், போகும்போதே சறுக்கி விழுந்தார், திரும்ப ஏறமுடியாமல் பழைய கூட்டாளிகளின் மடியில் உட்கார்ந்தபடி, "அடேயப்பா, இந்த ஏத்தத்தையா இம்புட்டு வருசமா இவய்ங்க ஏறுனாய்ங்க" என்று நெடுங்கரைக்காரர்களுக்காக முதல் தடவையாக இரக்கப்பட்டார்.

சேவுகனுக்கு மட்டும் காரணம் தெரிந்தபிறகும் மனது ஆறவில்லை. தரை சாய்கிறது, நீ என்ன செய்வாய் என்று ஊரே சொன்னது. அவனுக்கோ ஒரே ஒரு தடவை, ஜெயிக்கக்கூட வேண்டாம், கொக்கேந்தல் பக்கம் பாடிப் போய் மூச்சு விடாமல் திரும்பி வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டால் போதும் என்றிருந்தது. டிராக்டர் ஓட்டும்போதும் வாய்க்குள்ளேயே 'கபடி கபடி' என்று சொல்லி மூச்சைப் பழக்கினான். அவனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், "என்ன மாப்பிள்ளை, உதடு ஆடிக்கிட்டே இருக்கு" என்று கேட்டுச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றுவிட்டார்கள்.

பிறகு மழை பொய்த்த ஒரு வருஷம் வந்தது. நெடுங்கரைக் கண்மாயில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது, நெடுங்கரை வயல்களுக்கு அது போதும். கொக்கேந்தலுக்குப் போகிற வாய்க்கால் மண் மேடிட்டுப்போய், தண்ணீர் திடல் வரைக்கும் வந்து முகத்தைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றுவிடும். கொக்கேந்தலில் கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் வெளுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு சாதாரண ஆட்டம். கொக்கேந்தல் வழக்கம்போல ஜெயித்துக்கொண்டிருந்தது. அழகுமீனாள் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற தண்ணீர் மெதுவாக நெளிந்து, காய்ந்த மண்ணை நக்கி நனைத்துக்கொண்டு கொக்கேந்தல் பக்கம் நகர்ந்தது. இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாற, வந்த தண்ணீர் வந்த வழியே திரும்பிப் போனது.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் புருஷனிடம் சொன்னாள். "இந்தாங்க, அடுத்த வாரமும் ஒரு ஆட்டம் வைங்க. முத பாதியில நீங்க நம்ம ஊர்ப் பக்கம் நில்லுங்க. பொறுமையா ஆடுங்க. மத்ததை நான் பாத்துக்கிறேன்."

"என்னத்தைப் பாத்துக்குவே?"

"மம்பட்டி எங்கே இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

அடுத்த வாரம் முதல் பாதி முழுக்க வாய்க்காலில் தண்ணீர் கொக்கேந்தலுக்கு ஓடியது. இடைவேளை விசில் ஊதியதும் அழகுமீனாள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கி, வாய்க்காலுக்குக் குறுக்கே நாலு மம்பட்டி மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தாள். வந்த தண்ணீர் வந்ததுதான். பிறகு வாராவாரம் கொக்கேந்தலிலிருந்து வெற்றிலை பாக்கோடு சவால் வந்தது. போகாவிட்டால் பயந்துவிட்டதாகப் பேச்சு வருமே என்று நெடுங்கரைக்காரர்கள் வாராவாரம் போய்த் தோற்றுவிட்டு வந்தார்கள். கொக்கேந்தலில் கதிர் முற்றியது. அறுத்த அன்று அழகுமீனாள் தம்பி வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் கொண்டுவந்து இறக்கி, "நீ விழுந்து விழுந்து வெளைய வச்சதுடா" என்றாள். சேவுகன் சிரிக்கவில்லை.

கண்மாய் ஏன் இவ்வளவு சீக்கிரம் வற்றுகிறது என்று யோசித்த நாச்சியப்பனுக்கு அப்போதுதான் உண்மை தட்டுப்பட்டது. தோற்றதும் போதாதென்று தண்ணியும் போயிற்று என்று கத்தினார். இனிமேல் கொக்கேந்தலோடு ஆட்டமே கிடையாது, ஆடுகிறவனை ஊரைவிட்டுத் தள்ளிவைப்போம் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். ஒரு வருஷம் திடலில் யாரும் நிற்கவில்லை. ஒன்றும் சாயவில்லை. சேவுகன் மற்ற ஊர்களில் எல்லாம் ஜெயித்துக் கோப்பை வாங்கினான், வாங்கிய கோப்பைகளை ரேஷன் கடைப் பெண் முணுமுணுத்துக்கொண்டே மேலே ஏற்றினாள்.

அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் பிடித்த மழை கார்த்திகை பிறந்தும் விடவில்லை. நெடுங்கரைக் கண்மாய் கரை தளும்ப நின்றது. உபரித் தண்ணீர் வெளியேற வேண்டிய கலுங்கின் வாயிலே நாச்சியப்பனின் செங்கல் சூளை இருந்தது. அது எப்படி அங்கே வந்தது என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த, யாரும் கேட்காத விஷயம். மடைக் கதவுகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மணல் மூட்டை போட்டார்கள். அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். கரையில் ஈரம் கசிந்து, நண்டு வளைகளிலெல்லாம் குமிழி விட்டது. உடைந்தால் நெடுங்கரையில் கூரை மிஞ்சாது. டீக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்த கொத்தனார் மரியசூசைதான் யாரையும் பார்க்காமல், "ஒரு ஆட்டம் தோத்தா சரியாப் போயிரும்" என்றார். எல்லோரும் நாச்சியப்பனைப் பார்த்தார்கள்.

நாச்சியப்பன் குடையைப் பிடித்துக்கொண்டு கொக்கேந்தலுக்கு நடந்தார். வழியில் சேவுகனைக் கூட்டிக்கொண்டார், சம்பந்தக்காரன் ஒருவன் பக்கத்தில் இருப்பது நல்லது என்று. அடைக்கலம் தையல் மிஷினில் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். அதுவரைக்கும் 'ஏப்பா தையக்காரா' என்றே கூப்பிட்டுப் பழகிய தலைவர், "தம்பி அடைக்கலம், சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

"வாங்க தலைவரே. என்ன, ஏதாச்சும் தைக்கணுமா?"

"தைக்கிறதுக்கு ஒண்ணுமில்லப்பா. நம்ம பசங்க ரொம்ப நாளா சும்மா இருக்காய்ங்க. ஒரு ஆட்டம் ஆடுவோமேன்னு…"

"ஆட்டம்தான் கூடாதுன்னு தள்ளி வச்சீங்களே."

"அது அப்போ."

அழகுமீனாள் முறத்தோடு வந்து வாசலில் நின்றாள். "தலைவரே, தண்ணி இந்தப் பக்கம் சாஞ்சா எங்க பள்ள வயலு நாத்து எல்லாம் மூழ்கும். வாய்க்கா வழியா ஆத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நட்டம் எங்களுக்கு. தெரியுமில்ல?"

"தெரியும் தாயி."

"அப்ப இனிமே வருசா வருசம், பயிர் பால் பிடிக்கிற நேரத்துல, நாங்க கேக்குறபோது ஆட்டத்துக்கு வரணும். அந்தச் சூளையையும் கலுங்கு வாயிலருந்து எடுக்கணும்."

நாச்சியப்பன் சேவுகனைப் பார்த்தார். சேவுகன் கூரையிலிருந்து ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்தான். "சரி தாயி" என்றார் நாச்சியப்பன். பிறகு, ஒரு தலைவருக்குரிய கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு, அடைக்கலத்திடம் கேட்டார்: "நல்லா ஆடுவீங்கள்ல? ஏனோதானோன்னு ஆடிறப்படாது."

மறுநாள் காலையில் கொட்டுகிற மழையில் திடலில் கூடியதைப் போல் ஒரு கூட்டம் எந்த ஆட்டத்துக்கும் கூடியதில்லை. கூட்டம் கூடினால்தான் சரிவு அகலும் என்பதால் நெடுங்கரையில் பச்சைப்பிள்ளையிலிருந்து படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்கள் வரைக்கும் எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். உரச்சாக்கைக் கொங்காணி போட்டுக்கொண்டும், வாழை இலையைத் தலைக்குப் பிடித்துக்கொண்டும், ஊர் முழுக்கத் தன் பிள்ளைகள் தோற்பதைக் காண நின்றது. இந்த ஒரு தடவை பக்கம் மாறுவது கிடையாது, அவுட்டானவர் வெளியே போவதும் கிடையாது, புள்ளி மட்டும்தான் கணக்கு என்று நடுவர் சொன்னார். நெடுங்கரை கண்மாயைப் பார்த்த பக்கம் நின்றது, கொக்கேந்தல் ஆற்றைப் பார்த்த பக்கம் நின்றது. விசில் ஊதியதும் தரை முனகிக்கொண்டு சாய்ந்தது. அகலமாகச் சாய்ந்தது. கண்மாய் மடையின் மேல் விளிம்பைத் தாண்டி, பழுப்புத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கிக் கொக்கேந்தல் பக்கமாக ஓடத் தொடங்கியது.

நெடுங்கரைக்காரர்கள் இப்படிக் கைதட்டி யாரும் கேட்டதில்லை. "விடாதே அடைக்கலம்!" என்று கத்தினார்கள். பூசாரி ஒருவனை அமுக்கிப் பிடித்தபோது, பிடிபட்டவனுடைய அப்பனே துண்டை எடுத்துச் சுழற்றினான். வெள்ளிக்கிழமையாக இருந்தாலும் இன்று ஒரு நாள் விரதத்தை விட்டுக்கொடுத்த பூசாரிக்கு நெடுங்கரைப் பெண்கள் குலவை போட்டார்கள். நாச்சியப்பன் வரப்பில் நின்று, "அவுட்டு! நல்ல அவுட்டு!" என்று தன் பிள்ளைகளைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.

சேவுகனின் முறை வந்தது. பாடிப் போனான். சேற்றில் இறக்கம் எண்ணெய் தடவிய மாதிரி இருந்தது. இழுப்பு நோய்க்காரரைத் தொட்டான், அவர் விலகக்கூட முயலவில்லை. எப்படியும் இவன் ஏறப்போவதில்லை என்று கொக்கேந்தல் ஆட்கள் சும்மா நின்றார்கள். சேவுகன் திரும்பினான். மேலே நடுக்கோட்டில் கொட்டியிருந்த சுண்ணாம்பு மழையில் கரைந்துகொண்டிருந்தது. அவன் தலைக்கு மேலே நின்ற அவனுடைய ஊரில் ஒருத்தர்கூட அவனைப் பார்க்கவில்லை, எல்லோரும் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வா என்று யாரும் கத்தவில்லை, ஜெயி என்று யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் அவன் முதுகில் எப்போதும் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு ஊர் அன்றைக்கு இறங்கிப் போயிருந்தது. அவன் சேற்றில் விரலைக் குத்தினான், முட்டியை ஊன்றினான், 'கபடி கபடி கபடி' என்று மண்ணோடு மண்ணாக வாய் வைத்துச் சொல்லிக்கொண்டே ஏறினான். சறுக்கினான், பிடித்துக்கொண்டான், ஏறினான். அவன் கை நடுக்கோட்டைத் தொட்டது.

நடுவர் பழக்கமில்லாத காரியம் என்பதால் விசிலை ஊதுவதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கிவிட்டு ஊதினார்.

தரை ஒரு தடவை குலுங்கிவிட்டுச் சமமாக நின்றது. வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றது.

"அடப்பாவி!" என்று முதலில் அலறியவர் நாச்சியப்பன். அதற்குப் பிறகு ஊரே அலறியது. "இத்தனை வருசம் வராத காலு இன்னைக்கா வரணும்?" "யாருடா உன்னை வரச் சொன்னா?" "குடியைக் கெடுத்துட்டானே!" சேவுகனின் அம்மா கூட்டத்துக்குள்ளிருந்து, "எம்புள்ள வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்" என்று எல்லோரிடமும் கும்பிட்டுச் சொன்னாள். சேவுகன் நடுக்கோட்டில் கை வைத்தபடியே கிடந்தான். மழைத்தண்ணீர் கண்ணுக்குள் போயிற்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது, அதை அடக்க அவன் நெற்றியைச் சேற்றில் முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. எதிரே அழகுமீனாள் ஒருத்தி மட்டும் இரண்டு கையையும் தட்டினாள், பிறகு நிலைமை புரிந்து நிறுத்திக்கொண்டாள்.

அடுத்து அடைக்கலம் பாடி வந்தார். சமதரையில் அவர் வெறும் தையல்காரர். நெடுங்கரைப் பையன்கள் தேர் வருகிற வீதியில் ஒதுங்குவது போல ஒதுங்கி, தொட்டுக்கொள்ளட்டும் என்று தோளைக் காட்டினார்கள். ஆனாலும் முட்டி மடங்கி, அவர் யாரையும் தொடாமலே தானாக உட்கார்ந்துவிட்டார். பாடிய மூச்சு பாதியில் விட்டுப்போயிற்று. நெடுங்கரைக்கு இன்னொரு புள்ளி. கரையிலிருந்து ஒருவன் ஓடிவந்தான். "ஊத்து கிளம்பிருச்சு! வடக்கே கரை பொத்துக்கிருச்சு!" நெடுங்கரை ஜெயிக்கப்போகிறது என்று பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

"வேற ஆளை அனுப்புங்கடா! அவன் வேண்டாம்!" என்று நாச்சியப்பன் கத்தியபோது சேவுகன் ஏற்கெனவே கோட்டைத் தாண்டியிருந்தான்.

முதல் தடவையாக அவன் அவர்களைச் சமதரையில் பார்த்தான். தையல்காரர், பூசாரி, யாரோ ஒரு டீக்கடை ஆள், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார்கள். ஒரே சுற்றில் எல்லோரையும் தொடலாம். திரும்பிப் போக ஏற்றம் இல்லை, நடுக்கோடு நல்ல பிள்ளை மாதிரி பக்கத்தில் படுத்துக் கிடந்தது. நெஞ்சில் மூச்சு இன்னும் ஒரு கண்மாய் அளவு இருந்தது. அவன் அவர்களைச் சுற்றி ஒரு தடவை பாடிக்கொண்டு வந்தான். குரல் அவனுக்கே நன்றாக இருந்தது. அடைக்கலம் வலிக்கிற காலைத் தாங்கிக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றார். பிடிக்க வேண்டும் என்றுதான் நின்றார், ஆனால் அந்தக் கைகளுக்கு ஒரு ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற தெம்புகூட இல்லை. சேவுகன் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றான். அவர் முகத்தைப் பார்த்தான். நடுக்கோட்டைத் திரும்பிப் பார்த்தான். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

அவன் பாட்டை நிறுத்தினான். உதட்டை மூடிக்கொண்டான்.

விசில் ஊதியது. தரை அதுவரை சாயாத சாய்வாகச் சாய்ந்தது. சேவுகன் அடைக்கலத்தின் மேல் போய் விழ, அவரைத் தாங்கிய பூசாரியும் சேர்ந்து மூவரும் சேற்றில் வழுக்கிக்கொண்டு எல்லைக் கோட்டுக்கு வெளியே போனார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பி ஓடியது. மாலை வரைக்கும் ஆடினார்கள். மாலை வரைக்கும் நெடுங்கரை தோற்றது. கண்மாயின் கழுத்து தெரிந்தது, பிறகு தோள் தெரிந்தது, கரையில் புதிதாகக் கிளம்பிய ஊற்று தானாக அடங்கியது. கொக்கேந்தலின் பள்ள வயல்கள் மூழ்கின. மற்ற வயல்கள் பிழைத்தன.

தோற்ற குழுவைத் தோளில் தூக்கிக்கொண்டு போன ஊர் அந்தச் சீமையில் நெடுங்கரை ஒன்றுதான். மழை விட்டதும் பந்தல் போட்டு, குழுவில் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். யார் யார் எப்படிப் பிடிபட்டார்கள் என்று நாச்சியப்பன் மைக்கில் விவரமாகச் சொல்லி, இந்தத் தியாகத்தை ஊர் மறக்காது என்றார். "ஒருத்தர் மட்டும் ஆட்டத்துக்கு நடுவுல கொஞ்சம் புத்தி தடுமாறிட்டாரு. பேரு சொல்ல விரும்பலை. கடைசியில ஆண்டவன் புண்ணியத்துல அவரும் பிடிபட்டாரு. அதனால நாம மன்னிச்சிருவோம்." சேவுகனுக்குப் பொன்னாடை இல்லை. சூளை மட்டும் சொன்னபடி கலுங்கு வாயிலிருந்து நகர்ந்தது, அதிக தூரம் இல்லை, ஆனால் நகர்ந்தது. வருஷத்துக்கு ஒரு ஆட்டம் நிலையானது. ராசியா தற்செயலா என்று டீக்கடையில் இன்றைக்கும் பேச்சு ஓடுகிறது. சேவுகன் ஒரு தடவை திரும்பி வந்தானே, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பதில் மட்டும் இரண்டு கட்சிக்கும் குழப்பம் உண்டு.

அன்றைக்குப் பந்தலில் கைதட்டி முடிந்ததும் சேவுகன் நேரே அக்கா வீட்டுக்கு வந்தான். அடைக்கலம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முட்டி பனங்காய் மாதிரி வீங்கியிருந்தது. அழகுமீனாள் சோற்றைப் போட்டுவிட்டு மீன்குழம்பு எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மாப்ளே, ஒண்ணு கேக்கணும். கடைசியா வந்தியே, அப்ப நான் உன்னைத் தொடவே இல்லையே."

"இல்ல."

"பூசாரியும் தொடலை."

"இல்ல மச்சான்."

"தரை வேற சமமா இருந்துச்சு. பின்னே ஏன்டா நின்னே?"

சேவுகன் சோற்றைப் பிசைந்தான். வெளியே தவளைகள் கத்திக்கொண்டிருந்தன. மூழ்கிப்போன வயல்களிலிருந்து தண்ணீர் ஆற்றைத் தேடிப் போகிற சத்தம் இன்னும் கேட்டது.

"மூச்சு முடிஞ்சு போச்சு மச்சான்."

அவன் தங்களைச் சுற்றி வந்தபோது அந்தக் குரல் எவ்வளவு நிதானமாக, எவ்வளவு தெம்பாக இருந்தது என்பதை மிகப் பக்கத்திலிருந்து கேட்டவர் அடைக்கலம். அவர் வீங்கிய முட்டியை இரண்டு கையாலும் தூக்கி வசதியாக வைத்துக்கொண்டார்.

"ஆமா, மூச்சுன்னா முடியத்தானே செய்யும்" என்றார். அடுப்படியைப் பார்த்து, "ஏத்தா, அந்தத் தலைத்துண்டை எனக்கு வைக்காதே, தம்பிக்கு வையி" என்று சத்தம் கொடுத்தார்.